வீட்டுத் தமிழில் தொடங்கும் ஸ்பானிஷ்

கேள்வி:

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலைப்பாதை தொடங்கும் கல்லாற்றிலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்குத் தேயிலை வேலைக்கு வந்தவர். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். இப்போது நகரத்தில் ஒரு கல்லூரியில் நான்காண்டுப் பட்டப்படிப்பில் தாவரவியல் முதலாண்டு படிக்கிறேன். அடுத்த செமஸ்டருக்கான விருப்பத் தாள்களில் 'தொடக்க நிலை ஸ்பானிஷ்: மொழியும் பண்பாடும்' என்று ஒன்று இருக்கிறது. மூன்று கிரெடிட். பார்த்ததும் ஆசையாக இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்குமாம். எனக்கு ஆங்கிலம் வாசித்தால் புரியும், பேச வராது. "ஏற்கெனவே ஒரு மொழியும் உருப்படியாகத் தெரியாது, இதில் நாலாவது வேறா" என்று தோன்றுகிறது. சித்தப்பா, "படிக்கிறதானால் ஜெர்மன் படி, நர்சுப் பிள்ளைகள் எல்லாம் அதைப் படித்துத்தான் போகிறார்கள்" என்கிறார். கூடப் படிக்கும் தோழி, போனில் ஆப் இருக்கும்போது தாள் எதற்கு என்கிறாள். பஸ்ஸில் போக வர நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. இந்தத் தாளை எடுக்கலாமா? எடுத்தால் எப்படிப் படிப்பது? மொழியோடு 'பண்பாடு' என்று சேர்த்திருக்கிறார்களே, அது எதற்கு?

— ஒரு வாசகி, கல்லாறு

பதில்:

எடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு மொழியும் உருப்படியாகத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, புத்தகத்தில் ஒரு மொழி என்று வளர்ந்த பிள்ளைகள் எல்லோருமே ஒருநாள் இதைச் சொல்கிறார்கள். ஸ்பானிஷ் வகுப்பில் உட்காரும்போது உங்கள் கையில் இருக்கும் மூலதனமே அந்த வீட்டுத் தமிழும் பள்ளி மலையாளமும்தான். ஆங்கிலம் இதில் மூன்றாம் பட்சம்.

நான் ஸ்பானிஷ் படித்தது ஆங்கிலத்தின் வழியே. 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்பதை எப்படிச் சொல்வது என்று ஆசிரியர் கேட்டார். ஆங்கிலத்தில் நினைத்தேன். 'நான்' என்று தொடங்கி, 'விரும்பு' என்ற வினையைப் போட்டு, காப்பியைக் கடைசியில் வைத்தேன். தவறு. ஸ்பானிஷில் அது 'மே குஸ்தா எல் காஃபே'. 'மே' என்றால் எனக்கு, 'குஸ்தா' என்றால் பிடிக்கும், 'எல் காஃபே' என்றால் காப்பி. எனக்குப் பிடிக்கும் காப்பி! ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவர்களுக்கு இந்த ஒரு வாக்கிய அமைப்பை விளக்க ஆசிரியர்கள் வாரக்கணக்கில் பாடுபடுவார்கள். விரும்புகிறவர் எழுவாயாக இல்லாமல் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நிற்பது அவர்களுக்குப் புரியாது. நமக்கோ அது பால்குடி மறக்காத வயதிலேயே வந்துவிட்டது. தலை வலித்தால் 'மே துவேலே லா காபேசா': எனக்கு வலிக்கிறது தலை. மலையாளத்திலும் 'எனிக்கு இஷ்டமாணு' என்பீர்கள், அதே முறைதான். இதை நானாகக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் கட்டி, பிறகு இடித்து, மறுபடி ஸ்பானிஷில் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிடித்த பொருள் பன்மையானால் அங்கே வினையும் மாறும்: மாம்பழங்கள் பிடிக்கும் என்றால் 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'.

அடுத்தது வினைமுற்று. இங்கேதான் உங்கள் தாத்தா உதவிக்கு வருகிறார். தென்காசிப் பக்கத்துப் பேச்சில் 'வாறேன், வாறே, வாறாக' என்று சொல்லும்போது நான், நீ, அவர்கள் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. வாலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். ஸ்பானிஷும் அப்படியே. அப்லோ (பேசுகிறேன்), அப்லாஸ் (பேசுகிறாய்), அப்லா (பேசுகிறார்), அப்லாமோஸ் (பேசுகிறோம்), அப்லாயிஸ் (நீங்கள் எல்லாரும் பேசுகிறீர்கள்), அப்லான் (பேசுகிறார்கள்). 'நான்' என்பதற்கு 'யோ' என்ற சொல் உண்டு. ஆனால் அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் அதைப் போடுவார்கள், நாம் 'நான்தான் வந்தேன்' என்பதுபோல. மலையாளம் இந்த வால்களை எப்போதோ உதிர்த்துவிட்டது. ஞான் வருன்னு, நீ வருன்னு, அவர் வருன்னு. எல்லோருக்கும் ஒரே வினைதான். ஆக, உங்கள் வகுப்பில் மலையாளம் மட்டும் தெரிந்த தோழிகள் தடுமாறும் இடத்தில் உங்களுக்குத் தடையே இருக்காது. பள்ளியில் யாராவது கேட்டால் கூச்சப்பட்டு அடக்கிவைத்த அந்த எஸ்டேட் தமிழை இனி தாராளமாக வெளியே எடுங்கள்.

மலையாளம் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. உச்சரிப்பில் அது தமிழைவிட ஒரு படி மேலே. 'கரி' என்பதையும் 'கறி' என்பதையும் இன்றைய தமிழர் பலர் ஒரே மாதிரி சொல்கிறார்கள். மலையாளிகளும் கன்னியாகுமரிக்காரர்களும் பிரித்துச் சொல்வார்கள். ஸ்பானிஷில் இந்த வேறுபாடு உயிர்நாடி. 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்று நாக்கை நன்றாக உருட்டிச் சொன்னால் நாய். 'காரோ' என்றால் விலை அதிகம். 'காறோ' என்றால் வண்டி. உங்கள் றகரத்தை இன்னும் கொஞ்சம் அதிரவிட்டால் போதும். ஞகரமும் அப்படித்தான். 'ஞான்' என்று நாளைக்கு நூறு முறை சொல்கிற உங்களுக்கு 'நிஞோ' (குழந்தை), 'எஸ்பாஞா' (ஸ்பெயின்) எல்லாம் சிரமமே இல்லை. ஆண்டு என்ற பொருளில் வரும் 'ஆஞோ' என்ற சொல்லில் மட்டும் ஞகரத்தை நகரமாக்கிவிடாதீர்கள், பொருள் கெட்டுவிடும்.

இன்னொரு நுட்பத்தை எந்த ஆங்கிலப் புத்தகமும் உங்களுக்கு இந்த வழியில் சொல்லாது. 'தலை' என்பதில் வரும் தகரமும் 'அது' என்பதில் வரும் தகரமும் ஒரே எழுத்து, ஆனால் ஒலி வேறு. சொல்லின் நடுவில் இரண்டு உயிர்களுக்கு இடையே வந்தால் வல்லினம் மெலிந்துவிடும். 'அது' என்னும்போது நாக்கு பல்லை அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் போகிறது, பாருங்கள். 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் 'நாதா' என்ற ஸ்பானிஷ் சொல்லின் நடுவில் இருப்பது அந்த ஒலிதான். ஏரிக்கு 'லாகோ' என்பார்கள். அதன் நடுவில் இருப்பது 'மகன்' என்பதில் நாம் சொல்லும் மெல்லிய ககரம். ஸ்பானியர்களும் நம்மைப் போலவே எழுத்தை மாற்றாமல் ஒலியை மட்டும் மெலிக்கிறார்கள். ஆங்கிலத்தில் நினைத்துப் பேசுகிறவர்கள் அங்கே டகரத்தைப் போட்டு 'நாடா' என்பார்கள். நீங்கள் தமிழில் நினைத்தால் தானாகவே சரியாக வரும்.

இலக்கணத்தில் இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 'புத்தகம் தேடுறேன்' என்று சொல்லலாம், தவறில்லை. 'தங்கச்சி தேடுறேன்' என்று சொல்ல முடியாது, 'தங்கச்சியைத் தேடுறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். செயப்படுபொருள் மனிதரானால் உருபு கட்டாயம். ஸ்பானிஷிலும் இதே சட்டம்: 'புஸ்கோ உன் லிப்ரோ', புத்தகம் தேடுகிறேன், 'புஸ்கோ ஆ மி எர்மானா', என் சகோதரியைத் தேடுகிறேன். அந்த 'ஆ'தான் நம் 'ஐ'. மலையாளத்திலும் 'அனியத்தியெ' என்று எகரம் ஏறுகிறது அல்லவா? மனிதருக்கும் பொருளுக்கும் இப்படி வித்தியாசம் பார்க்கும் பழக்கம் ஆங்கிலத்தில் இல்லை.

எல்லாமே இப்படிச் சுலபம் என்று சொன்னால் உங்களை ஏமாற்றுவதாகும். 'இரு' என்ற வினைக்கு ஸ்பானிஷில் இரண்டு வினைகள், 'செர்' என்றும் 'எஸ்தார்' என்றும். 'நான் மாணவி' என்பதற்கு முன்னது, 'நான் வீட்டில் இருக்கிறேன்' என்பதற்குப் பின்னது. மலையாளத்தின் 'ஆணு', 'உண்டு' என்ற பிரிவு பாதி வழி வரை கூட்டிப்போகும். 'களைப்பாக இருக்கிறேன்' என்பதற்கு 'எஸ்தார்' சரியாகப் பொருந்தும். 'உயரமாக இருக்கிறாள்' என்னும்போது கைவிட்டுவிடும், அங்கே 'செர்' வரும். பெயர்ச்சொற்களின் பால் விஷயத்தில் தமிழும் உதவாது, மலையாளமும் உதவாது. நமக்கு மேசை அஃறிணை, முடிந்தது கதை. அவர்களுக்கு மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், கை பெண்பால், வரைபடம் ஆண்பால். இதற்கு ஒரே வழி, எந்தச் சொல்லையும் தனியாகப் படிக்காதீர்கள். 'மேசா' என்று படிக்காமல் 'லா மேசா' என்று படியுங்கள். 'மானோ' அல்ல, 'லா மானோ'. இறந்த காலமும் இரண்டு வகை: முடிந்துபோன செயலுக்கு ஒன்று, 'அப்போதெல்லாம் செய்வோம்' என்ற பழைய வழக்கத்துக்கு இன்னொன்று. அதெல்லாம் இந்தத் தாளில் அநேகமாக வராது. வந்தாலும் பயப்பட வேண்டாம்.

வகுப்பு ஆங்கிலத்தில் நடப்பதைப் பற்றி இனி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல பல்கலைக்கழகங்களில் பயன்படும், பார்சிலோனாவில் அச்சாகும் 'ஆவுலா இன்டெர்நாசியோனால்' போன்ற பாடநூல்கள் முழுக்க ஸ்பானிஷிலேயே இருக்கும். ஆங்கிலம் அதில் கிடையாது. முதல் நாளில் வகுப்பில் எல்லோரும் ஒரே படியில்தான் நிற்பார்கள். நல்ல ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் அங்கே பேச்சு வராது. ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்குவதைக் கேளுங்கள், குறிப்பை மட்டும் தமிழில் எழுதுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போதும்: ஸ்பானிஷ், வீட்டுத் தமிழ், மலையாளம். எந்த மொழி ஒத்துவருகிறதோ அதன் அடியில் கோடு போடுங்கள். ஒரு மாதத்தில் எங்கே யாரிடம் உதவி கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போது நேரக் கணக்கு. ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரம் என்றால், மூன்று கிரெடிட் தாளில் 45 மணி நேர வகுப்பு கிடைக்கும். ஆங்கிலம் தாய்மொழியான தன் அதிகாரிகள் ஸ்பானிஷில் தேர்ச்சிபெற அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு 600 முதல் 750 மணி நேர வகுப்பு. 45 எங்கே, 600 எங்கே! இதைச் சொல்வது உங்களை மலைக்கவைக்க அல்ல. செமஸ்டர் முடிவில் உங்களைப் பற்றிச் சொல்லவும், வழி கேட்கவும், கடையில் பேரம் பேசவும், ஒரு எளிய கடிதம் எழுதவும் முடியும். ஐரோப்பிய அளவுகோலில் முதல் படியான ஏ1 நிலை அது. வேலைக்கு உதவும் நிலை பி2. இரண்டுக்கும் நடுவே நீண்ட தூரம் உண்டு, கல்லாற்றிலிருந்து பொன்முடி வரை 22 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதுபோல. முதல் வளைவில் நின்றுகொண்டு உச்சிக்கு வந்துவிட்டோம் என்று நினைக்கவும் கூடாது, இது எதற்கு என்று திரும்பவும் கூடாது.

தோழி சொன்ன ஆப்பை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த மூன்று மணி நேர பஸ் பயணத்துக்கு அது நல்ல துணை. சொற்களை மனத்தில் ஏற்றும். ஆனால் நீங்கள் தப்பாகச் சொன்னதைக் கேட்டு முகம் சுளிக்கவோ, சரியாகச் சொன்னதும் மலரவோ அதற்குத் தெரியாது. எதிரே ஒரு மனிதர் இருக்கும்போதுதான் வாய் திறக்கிறது. நோட்டில் எழுதியதை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்யுங்கள், அது பழைய முறை என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். நாகர்கோவில் கோட்டாற்றில் சவேரியார் கோயில் இருக்கிறதல்லவா? இன்றைய ஸ்பெயினில் இருக்கும் நவார்ரா பகுதியில் 1506இல் பிறந்த அந்தச் சவேரியார், 1542இல் இந்தியாவுக்கு வந்த பிறகு, இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டுதான் நம் கடற்கரை மக்களிடம் பேசத் தொடங்கினார்.

சித்தப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் நர்சிங் படித்திருந்தால் நானும் ஜெர்மன் என்றுதான் சொல்லியிருப்பேன். கேரளத்திலிருந்து ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு அது நேர் வழி. ஆனால் நீங்கள் படிப்பது தாவரவியல். அதுவும் ரப்பரும் தேயிலையும் காடும் சேர்ந்த கல்லாற்றில் இருந்துகொண்டு, பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் பக்கத்திலேயே இருக்கும்போது. நம்முடையவை போன்ற மழைக்காடுகள் கொண்ட கொலம்பியா, பெரு, எக்வடோர், கோஸ்தா ரிகா ஆகிய நாடுகளின் அறிவியலாளர்கள் பேசுவதும், அங்குள்ள தாவரத் தொகுப்புகளில் பலவற்றை எழுதியிருப்பதும் ஸ்பானிஷில். ஸ்பெயின் அரசின் ஆதரவோடு ஹோசே செலஸ்தினோ மூத்திஸ் 1783இல் இன்றைய கொலம்பியாவில் தொடங்கிய தாவர ஆய்வுப் பயணத்தில் வரையப்பட்ட 6,000க்கு மேற்பட்ட ஓவியங்கள் மத்ரித் அரச தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன. தாவரவியலும் ஸ்பானிஷும் சேர்ந்து தெரிந்தவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. அதனால் உடனே வேலை கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஐந்தாண்டு கழித்து ஆராய்ச்சிக்குப் போகும்போது உங்களுக்குத் திறக்கும் கதவு மற்றவர்களுக்குத் திறக்காது என்று சொல்வேன்.

மேலே படிக்க விரும்பினால் வழிகள் உண்டு. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானிஷில் முழுப் பட்டப்படிப்பு நடக்கிறது. ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனத்துக்கு டெல்லியில் கிளை இருக்கிறது. அது நடத்தும் 'டெலே' தேர்வில் ஏதாவது ஒரு நிலையில் தேறினால் அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. இந்த ஒரு தாளை மட்டும் வைத்து நேரே முதுகலை ஸ்பானிஷில் சேர முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய நகரத்துப் பணக்காரப் பிள்ளைகளுக்கான மொழி இது என்று யாராவது சொன்னால், ஆந்திரத்தின் அனந்தபூரைக் காட்டுங்கள். மழை பொய்க்கும் அந்த மாவட்டத்தில் ஸ்பெயினிலிருந்து வந்த விசென்தே ஃபெர்ரெர் 1969இல் கிராம வளர்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். 2009இல் அங்கேயே மறைந்தார். அந்த அறக்கட்டளை நடத்தும் அயல்மொழிப் பள்ளியில் கிராமத்துக் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் ஸ்பானிஷ் படிக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவர்கள்.

பண்பாடு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி, அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஏறக்குறைய 50 கோடிப் பேர். இத்தனை பேருக்கும் ஒரே பண்பாடு இருக்க முடியாது. ஸ்பெயினில் உருளைக்கிழங்கு 'பத்தாத்தா', பெருவில் 'பாப்பா'. பின்னது அந்த மலைமக்களின் கெச்சுவா மொழிச் சொல். தக்காளிக்கான 'தொமாத்தே'யும் சாக்லேட்டும் மெக்சிகோவின் நாவாட்டல் மொழி தந்தவை. சர்க்கரைக்கான 'அசூக்கார்' அரபு வழியே வந்தது. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு படையெடுப்பு, ஒரு வணிகம், ஒரு பறிகொடுப்பு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் சொல்லை மட்டும் படிப்பது வேர் இல்லாமல் கிளையை நடுவதுபோல. தாவரவியல் மாணவிக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்தே தொடங்கலாம். உங்கள் ஊரில் மரச்சீனி என்றும் கப்ப என்றும் சொல்லும் கிழங்கு தென் அமெரிக்காவின் செடி. அங்கே பல நாடுகளில் அதற்கு 'யூக்கா' என்று பெயர். அதைத் திருவிதாங்கூரில் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரும் பங்குண்டு. மிளகாயும் பப்பாளியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. மலையாளத்தில் வெங்காயத்துக்குச் சொல்லும் 'சவாள' போர்த்துக்கீசியச் சொல், அதன் ஸ்பானிஷ் தங்கை 'செபோயா'. மேசை, அலமாரி, துவாலை, பொத்தான் எல்லாமே இப்படி வந்த போர்த்துக்கீசிய விருந்தாளிகள். ஸ்பானிஷில் அவற்றின் உறவுக்காரர்களைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வீர்கள். நாம் கொடுத்ததும் உண்டு. கட்டுமரம் அங்கே 'காத்தாமரான்', வெற்றிலை 'பேத்தெல்', கொப்பரை 'கோப்ரா', மாங்காய் 'மாங்கோ'.

வாழ்க்கை முறையிலும் கவனிக்க நிறைய உண்டு. காப்ரியேல் கார்சியா மார்க்கெஸ் என்ற நாவலாசிரியரின் பெயரில் கார்சியா அப்பாவின் குடும்பப் பெயர், மார்க்கெஸ் அம்மாவின் குடும்பப் பெயர். பிள்ளையின் பெயரில் தாய்வழிக்கும் இடம் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போகாமல் இலையைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவோமே, அதற்கென்றே அவர்களிடம் 'சோப்ரேமேசா' என்று ஒரு சொல் இருக்கிறது. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்குப் பிடித்த உணவைப் படைத்து, கல்லறையில் பூவும் விளக்கும் வைக்கிறார்கள். நம் பக்கத்துக் கத்தோலிக்கர்களின் கல்லறைத் திருநாளும் நவம்பர் 2தான். முன்னோருக்குப் படையல் வைப்பது உங்கள் வீட்டிலும் உண்டுதானே? இவற்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'நம்மைப் போலவே' என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

இதற்குத் திருவனந்தபுரத்தைவிட நல்ல ஊர் குறைவு. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் அங்கே நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் லத்தீன் அமெரிக்கப் படங்களுக்குக் கூட்டம் அலைமோதும். 2013இல் ஸ்பெயினின் கார்லோஸ் சவ்ராவுக்கும் 2019இல் அர்ஜென்டினாவின் ஃபெர்னாந்தோ சொலானாஸுக்கும் வாழ்நாள் சாதனை விருது அளித்த விழா அது. மாணவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஒரு ஸ்பானிஷ் படத்துக்குப் போய், முதல் பத்து நிமிடம் கீழே ஓடும் எழுத்தைப் பார்க்காமல் காதை மட்டும் கொடுத்து உட்காருங்கள். இலக்கியத்தைத் தமிழிலேயே தொடங்கலாம். மார்க்கெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 2013இல் தமிழில் வந்துவிட்டது. ஸ்பானிஷ் மூலம் 1967இல் புவெனோஸ் ஐரெஸில் வெளியானது.

கடைசியாக, உங்களுக்காகவே எடுத்துவைத்த ஒரு செய்தி. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கத் தமிழ் நூல் அச்சானது. இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அதுதான். அதற்கு முந்தைய ஆண்டு கோவாவில் தமிழ் எழுத்துகளை வார்த்தவர் ஜுவான் கொன்சால்வெஸ் என்ற ஸ்பானியச் சேசு சபைச் சகோதரர் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதே 1578இல் ஸ்பெயினின் புர்கோஸ் நகரில் இன்னொரு நூல் அச்சானது. கிறிஸ்தோபால் தெ அகோஸ்தா எழுதிய, கிழக்கிந்திய மூலிகைகளையும் மருந்துகளையும் பற்றிய நூல். அகோஸ்தா கொச்சியின் அரச மருத்துவமனையில் மருத்துவராக இருந்தவர். கோவாவில் கார்சியா தா ஓர்த்தா 1563இல் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய நூலிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டு, செடிகளின் படங்களைச் சேர்த்து, ஸ்பானிஷில் எழுதினார். மிளகு, இஞ்சி, தென்னை, மா என்று நம் மரமும் கொடியும் அதில் வருகின்றன. நூலின் முடிவில் யானையைப் பற்றித் தனியே ஒரு பகுதியும் இருக்கிறது. கல்லாற்றுக்காரருக்கு அது வேற்றுச் செய்தி அல்ல.

அந்த நூலை இணையத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பழைய ஸ்பானிஷ், எழுத்து முறையும் வேறு, முதல் செமஸ்டரில் வாசிக்க முடியாது. படங்களையும் தலைப்புகளையும் பாருங்கள், செடியை அடையாளம் காண உங்கள் படிப்பு போதும். ஆக்தாவியோ பாஸ் பற்றியும் உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிகோவின் தூதராக இருந்து, 1990இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர். 1969இல் வந்த அவருடைய 'லாதேரா எஸ்தே' தொகுப்பில் மதுரை, உதகை, கொச்சி, கன்னியாகுமரிக்கு அருகே என்று நம் ஊர்களின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட கவிதைகள் இருக்கின்றன. சிறிய கவிதைகள். ஓராண்டு ஒழுங்காகப் படித்தால் அகராதியை வைத்துக்கொண்டு அவற்றில் ஒன்றை மூலத்திலேயே வாசித்துவிடலாம். ஸ்பானிய அரச கழகத்தின் அகராதியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆசை வந்ததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தெரிய வேண்டியதில்லை. தாளுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளைக் கேட்டுவைத்து, அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று பத்திகள் போட்டு இந்த வரியை எழுதுங்கள்: 'மே குஸ்தா', எனக்குப் பிடிக்கும், எனிக்கு இஷ்டமாணு. செமஸ்டர் முடிந்ததும் அந்த நோட்டு எத்தனை பக்கம் நிறைந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.